நூற்காத பூ

காட்டுப் பூக்கள் ராட்டையைத் தொடுவதில்லை. ஆனாலும் கடவுள் அவற்றை அழகாக உடுத்துகிறார் என்பது ஏசுநாதரின் போதனை. சின்னாளப்பட்டித் தறிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பூவுக்குச் சரி, ஐயா. மழை பெய்து தெருவிலே பாவு போட முடியாத நாளில் எனக்குக் கூலி ஏது?" என்றார்.

நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடும்போது எனக்குத் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூர்தான் நினைவுக்கு வருகிறது. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1901-இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்தார். பின்னர் டோனாவூரில் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். அத்தனை வயிற்றுக்கும் சோறு வேண்டும். ஆயினும், மனிதரிடம் பணம் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்று விதி வகுத்துக்கொண்டார். 1951-இல் கண்மூடும் வரை அதைக் காத்தார்.

கேட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தவர் அல்லர் அவர். குழந்தைகளை வளர்த்தார், புத்தகங்கள் எழுதினார். பெட்டியில் இருப்பதை எண்ணிப் பார்த்துக் கதவைத் திறந்தவரும் அல்லர்.

நம்பிக்கை தறியை நிறுத்தச் சொல்வதில்லை. நாளையைப் பற்றிய பயத்தில் இன்று வந்த பசிக்குக் கதவடைக்காதே என்றுதான் சொல்கிறது. டோனாவூருக்கும் பணம் வானத்திலிருந்து விழவில்லை. முகமறியாத யாரோ ஒருவர் கையால்தான் வந்தது. மழை நாளில் நெசவாளி வீட்டுக்கு வரும் சோறும் இன்னொரு வீட்டு அடுப்பிலிருந்துதான் வர வேண்டும். அது நம் வீட்டு அடுப்பாகவும் இருக்கலாம் அல்லவா?