பொருநைக் கரையில் ஒரு பந்தி

பங்குக் குருவின் நாவுக்குத் தனி விருப்பம் என்று ஒன்று இருத்தலாகாது என்பது குருமடத்தில் நாம் கற்ற எழுதாச் சட்டம். மணி அடித்ததும் அமர வேண்டும், வைத்ததை உண்ண வேண்டும், குறை கூறலாகாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இச்சட்டத்தைப் பெரும்பாலும் காத்தே வந்துள்ளோம். ஆயினும் நாக்கு, சட்டம் பயின்ற உறுப்பு அன்றே! சென்ற கோடையில், மலையடியிலிருந்து கடல் வரை தாமிரபரணியைத் தொடர்ந்து பேருந்திலேயே சில நாள் பயணம் செய்தபோது அது நம்மைப் பலமுறை வென்றது. அத்தோல்விகளின் கணக்கை வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஆறு இது. பழம்பெயர் பொருநை. தமிழ் மண்ணிலேயே பிறந்து தமிழ் மண்ணிலேயே கடல் சேரும் இதன் கரையில், ஊருக்கு ஒரு சுவை உண்டு.

பாபநாசத்தில் அருவி நீராடியவருக்கு வரும் பசி சாதாரணப் பசி அன்று. அம்பாசமுத்திரத்தில் நம் பழைய பங்கு மக்களுள் ஒரு குடும்பத்தார் வீட்டில் நுழைந்தபோது அடுப்பில் உளுந்தஞ்சோறு வெந்துகொண்டிருந்தது. “சாமி வருவீங்கன்னு தெரியாமப் போச்சே! இதெல்லாம் சாப்பிடுவீங்களா?” என்று வீட்டம்மையார் கலங்கினார். அரிசியுடன் தொலி உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் சேர்த்துக் குழைய வடித்த அச்சோற்றை எள்ளுத் துவையலுடன் மும்முறை கேட்டு வாங்கிய பிறகே அவர் கலக்கம் தீர்ந்தது.

மறுநாள் கல்லிடைக்குறிச்சி. அவ்வூர் அப்பளத்தின் சுவைக்கு ஆற்று நீரே காரணம் என்பது ஊராரின் உறுதியான நம்பிக்கை. ஆனால் நாம் அங்குக் கண்டுபிடித்தது பொரித்த அப்பளத்தை அன்று, பொரிக்காத மாவை. உளுந்து மாவைப் பிசைந்து, எண்ணெய் தொட்டு உலக்கையால் இடித்து உருட்டி வைத்திருந்தனர். அதில் ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி வாயிலிட்டுக்கொண்டு ஓடினான் ஒரு சிறுவன். அவனைக் கடிந்துகொண்ட பாட்டியாரே நம் முகத்தைப் பார்த்துவிட்டு, நமக்கும் ஓர் உருண்டை தந்தார். உப்பும் உறைப்பும் பெருங்காய மணமுமாக அது நாவில் ஒட்டிக்கொண்டது. சிறுவர் திருடி உண்ணும் பண்டங்களில் பெரியோர் அறியாத நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

சேரன்மகாதேவியில் பேருந்தைவிட்டு இறங்கியதற்கு உணவு காரணம் அன்று. உணவைப் பற்றிய ஒரு பழைய வழக்கே காரணம். 1922இல் வ.வே.சு. ஐயர் இவ்வூரில் ஒரு குருகுலம் தொடங்கினார். எல்லாச் சாதியாரும், கடல் கடந்த தமிழரும் பொருள் உதவினர். தமிழ்நாடு காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதற்கண் ஐயாயிரம் அளித்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும், பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தனியே உணவு பரிமாறப்பட்டது. வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் இதை எதிர்த்துக் குரல் எழுப்ப, தமிழகமே இரண்டுபட்டது. ஐயர் 1925இல் பொறுப்பைத் துறந்தார். அவ்வாண்டு ஜூன் 3ஆம் நாள், பாபநாசத்து அருவியில் தவறி விழுந்த தம் மகளைக் காக்க முயன்று, நீரில் மறைந்தார். முந்தின நாள் நாம் பசி வரக் குளித்துவந்த பாபநாசம்தான் அது.

இரண்டு இலைகள் சற்றுத் தள்ளிப் போடப்பட்டதால் வந்த புயல் என்று இதைக் கேட்டு வியப்பது எளிது. பிறர் வீட்டுக் கதை என்று ஒதுக்குவதும் எளிது. நம் வடக்கன்குளம் ஆலயத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது என்பதை நினைந்தவாறே அடுத்த பேருந்தில் ஏறினோம்.

திருநெல்வேலியில் அல்வா உண்ணாமல் போனேன் என்று ஒரு குருவானவர் சொன்னால் ஒப்புரவு அருட்சாதனத்தில்கூட அதை யாரும் நம்பார். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, ஒற்றை விளக்கின் மங்கிய ஒளியில் வியாபாரம் நடந்தமையால் இருட்டுக்கடை எனப் பெயர்பெற்ற கடையில் மாலை வேளையில் வரிசையில் நின்றோம். கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்துப் புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டும் பண்டம் அது. சுடச்சுட வாங்கித் தெருவில் நின்றபடியே உண்பதே முறை. மெல்ல நினைக்குமுன் தொண்டையில் இறங்கிவிடுகிறது. இனிப்பு உண்டபின் ஒரு பிடி காரம் கொறிப்பதும் இவ்வூர் வழக்கம். பெயரோ அரபு நாட்டுப் பெயர், கடையைத் தொடங்கியதோ வடநாட்டிலிருந்து வந்து நெல்லையில் வேரூன்றிய குடும்பம், புகழோ திருநெல்வேலிக்கு! ‘அல்வா கொடுத்தான்’ என்று ஏமாற்றுவோரைச் சொல்லும் வழக்கை யார் தொடங்கினாரோ, அவர் இக்கடையில் வாங்கியிரார்.

அந்நகரில் நண்பர் ஒருவர் இல்லத் திருமணத்தின் மறுவீட்டு விருந்துக்கும் அழைக்கப்பட்டிருந்தோம். சைவக் குடும்பம், ஆகவே சொதி. மூன்று முறை பிழிந்த தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து, இறுதியில் எலுமிச்சைச் சாறு விடும் வெண்ணிறக் குழம்பு அது. செரிமானத்துக்கு இஞ்சித் துவையல். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். இலங்கைக்கு ஒருமுறை திருப்பயணம் சென்றபோது, யாழ்ப்பாணத்தில் இரவு இடியப்பத்துடன் சொதி என்று ஒன்றை ஊற்றினர். மஞ்சள் நிறம், நீர்த்த பதம். நாம் நெல்லை நினைவில் இஞ்சித் துவையல் கேட்டுவைக்க, பரிமாறியவர் திகைத்துப்போய் இஞ்சித் தேநீர் கொண்டுவந்தார்! ஒரே பெயரை இரு கரையிலும் வைத்துக்கொண்டு கடல் நம்மோடு விளையாடுகிறது. இந்தச் சைவ விருந்தின் உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும்கூட அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர் கப்பல்கள் வழியே நம் நாடு சேர்ந்தவையே. அவற்றை எந்த இலையும் விலக்கவில்லை.

திருவைகுண்டம் தாண்டி ஆத்தூர் செல்லும் வழியில் பனைகள் தொடங்குகின்றன. பதநீரை இங்குப் பயினி என்பர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் அது புளிக்காமல் இனிக்கிறது. பனையோலையை மடித்துப் பட்டை செய்து, நுங்கையும் அதில் நழுவவிட்டுத் தந்தார் பனையேறி ஒருவர். இரு கைகளாலும் ஏந்தி, தலைகுனிந்தே குடிக்க வேண்டும். நிமிர்ந்தால் சட்டை நனையும். நம் வெள்ளை அங்கி நனைந்தது. “குனிஞ்சு குடிக்கணும் சாமி” என்று சிரித்தார் அவர். நாள்தோறும் அத்தனை மரம் ஏறி இறங்கும் அவரிடம் அப்பாடத்தைக் கற்பதில் நமக்கு வெட்கமில்லை.

கடலோரம் வந்தபின் தூத்துக்குடி மக்ரூனை விடலாமா? முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையுடன் அடித்து நுரைக்கவிட்டு, முந்திரித் தூள் கலந்து சுடும் பண்டம். வாயிலிட்டால் நொறுங்கிக் கரையும். முன்னொரு காலம் இத்தாலியில் சில வாரம் தங்கியிருந்தபோது, ஒரு கன்னியர் மடத்தில் காப்பியுடன் பாதாம் பருப்பும் வெண்கருவும் கலந்து சுட்ட வட்டப் பண்டம் ஒன்றைத் தந்தனர். “இது எங்கள் ஊர்ப் பண்டம்!” என்று நம்மையறியாமல் தமிழிலேயே கூவிவிட்டோம். உண்மையில் அது அவர்கள் ஊர்ப் பண்டமே. அங்குள்ள பாதாமுக்கு ஈடாக இங்கு முந்திரி. அம்முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்தது. நம் பங்கு இல்லங்களில் சமையலறையைக் குசினி என்கிறோமே, அச்சொல்லும் அவர்களுடையதே.

இறுதியாகப் புன்னைக்காயல். மீனவக் குடும்பம் ஒன்றில் மதிய உணவு. மேசை விரிப்பிட்டு, நமக்கு மட்டும் தட்டு வைத்து, சுற்றிலும் அனைவரும் நின்றனர். குருக்களாகிய நமக்கு இது பழகிப்போனது; எந்த வீட்டிலும் தனியே உண்கிறோம், மரியாதையின் பெயரால். அன்று ஏனோ சோறு இறங்கவில்லை. பழைய நினைவொன்று குறுக்கே நின்றது.

நாம் உதவிப் பங்குக் குருவாக இருந்த ஓர் ஊர். திருவிழா முடிவில் பொது அசனம். ஊர்க்கோடித் தெருவின் முதியவர் ஒருவர் பேத்தியுடன் முதல் பந்தியில் அமர்ந்தார். அவரை அடுத்து அமர்ந்திருந்த மூவர், “பிறகு சாப்பிட்டுக்கொள்கிறோம்” என்று எழுந்துவிட்டனர். பெரியவருக்குப் புரிந்தது. இலையை மடித்தார். “தூக்குச் சட்டியிலே வாங்கிட்டுப் போயிடுதேன் சாமி” என்றார். நாம் என்ன செய்தோம்? சட்டியைத் ததும்ப நிரப்பச் சொன்னோம். கறியும் கூடுதலாக இடச் சொன்னோம். அதை ஒரு நற்செயல் என்றுகூட அன்றிரவு எண்ணிக்கொண்டோம். அவருக்கு வேண்டியிருந்தது கறி அன்று. அந்த வெற்றிடத்தில் நாம் சென்று அமர்ந்திருக்க வேண்டும்.

புன்னைக்காயலில் தட்டை எடுத்துக்கொண்டு மேசையைவிட்டு எழுந்தோம். “சாமி, கீழேயா?” என்று வீட்டார் பதறினர். பாயில் அமர்ந்து, எல்லாரையும் அமரச் சொன்னோம். தயக்கத்துடன் ஒவ்வொருவராக அமர்ந்தனர். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைக்குட்டிப் பெண், நம் தட்டிலிருந்த மீன்தலையைப் பார்த்து, “சாமிக்கு அது சாப்பிடத் தெரியாது, எனக்குத் தாங்க” என்றாள். சிரிப்பில் தயக்கம் கலைந்தது. பொருநைக் கரை நெடுகிலும் நாம் உண்டவற்றுள் அம்மீன் குழம்புக்கு ஈடு இல்லை.

வரும் மாதம் நம் பங்கில் திருவிழா. குருக்களுக்கென உள்ளறையில் போடும் மேசையை இம்முறை போட வேண்டா என்று குசினியாரிடம் சொல்லிவிட்டோம். அசனத்தின் முதல் பந்தியில், கடைசி இலையில் இருப்போம். பக்கத்து இலைக்கு யார் வந்தாலும் சரி.