குனியக் கூடாத வாரங்கள்

வெள்ளி

முகச் சுருக்கம் நீக்கும் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. காதுக்குப் பின்னால் ரத்தம் வடியச் செருகியிருந்த குழாய்களைக் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டு. மூன்று தலையணைகளை அடுக்கி, 30 பாகை சாய்வில் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறாள் மகள். தாதி கொடுத்த தாள் இப்போது குளிர்பெட்டிக் கதவில்: குனியாதே, தூக்காதே, முக்காதே. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டுமாம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். குனிந்தாலோ முக்கினாலோ ரத்த அழுத்தம் முகத்துக்கு ஏறும். தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். முதல் 24 மணி நேரத்தில்தான் அந்த ஆபத்து அதிகம். கட்டியதை உடனே எடுக்காவிட்டால் மேல்தோலே கருகிப்போகும். ஆகவே பிரஷர் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா டூமாயிலிருந்து ஃபெர்ரியில் வந்தவர். தையல் பிரிக்கும்வரை மலாக்காவிலேயே அறை எடுத்துத் தங்கப்போகிறாராம்.

ஞாயிறு

முகம் பூசணிக்காய். இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் ஏறித்தான் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்கு அது தெரியுமா?

ஜாசினிலிருந்து சின்னம்மா வந்துவிட்டார். "யாருடி அடிச்சா?" உண்மையைச் சொன்னேன். "இதுக்கா அம்புட்டு வெள்ளி?" என்றவர், மறுநிமிடமே பையைத் திறந்து பூண்டு, காயமருந்து, நல்லெண்ணெய் எல்லாம் எடுத்து வைத்தார். "பச்சை ஒடம்பு மாதிரிதானே படுத்திருக்கே." மகள் காயமருந்தையும் எண்ணெயையும் திருப்பிக் கொடுத்தாள். நாட்டு மருந்து, ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை எதுவும் கூடாது, ரத்தக்கசிவு கூடும். வெந்நீர் ஒத்தடமும் கூடாது. சித்தப்பாவின் சிகரெட்டுக்கு வாசல் கேட்டுக்கு வெளியேதான் இடம். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், தூக்கித் தைத்த தோலுக்கு ரத்தம் போய்ச் சேராது.

செவ்வாய்

வாசலில் கோலம் இல்லை. சுத்தம் செய்ய ஆள் வைத்தும் மனம் ஒப்பவில்லை. ரப்பர் தோட்டத்து வீட்டில் பிறந்தவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. புக்கிட் அசஹானில் அம்மா இருட்டோடு பெரட்டுக்குப் போவார். கீழ்வெட்டு மரம் ஒவ்வொன்றுக்கும் குனிவார். மங்குப் பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தோள் மாற்றி மாற்றிச் சுமப்பார். பிள்ளை பெற்றபோது மட்டும் படுத்தார். அவர் முகத்துச் சுருக்கம் வெயில் போட்டது. என்னுடையதிலும் பாதி அப்படித்தான். அதை எடுத்ததற்கு நான் யாரிடமும் கூச்சப்படப்போவதில்லை.

இந்தச் சிகிச்சையில் தோலை மட்டும் இழுத்துக் கட்டுவதில்லை. அடியிலிருக்கும் தசைப்படலத்தைத் தூக்கித் தைக்கிறார்கள். 1976இல் மிட்ஸ், பெரோனி என்ற இருவர் அந்தப் படலத்தை விளக்கி எழுதினார்கள். உள்தையல் பிடிக்கத்தான் இத்தனை காவல். பின்னால் யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பாமல் தோளோடு திரும்புகிறேன், ஊர்வலத்துச் சாமி மாதிரி.

வியாழன்

காதுக்கு முன்னால் உள்ள தையலைப் பிரித்தார்கள். கன்னத்தோடு காதுமடலும் மரத்துக் கிடக்கிறது. உணர்ச்சி திரும்ப மாதங்கள்கூட ஆகலாமாம். சூடு உறைக்காது என்பதால் முடி உலர்த்தும் கருவிக்குத் தடை. தலைவழியாகப் போடும் பாஜு கூரோங்கும் வேண்டாம். வீட்டுக்காரருடைய சட்டையை மாட்டிக்கொண்டு திரிகிறேன். முறுக்குக் கடிக்க முடியாதது தனித் துக்கம்.

மாசி மகம்

சன்னாசிமலைக் கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை. செங் ஊர் வெயிலில் நின்றால் தழும்பு கறுத்துவிடும். கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் என்னாவது?

சின்னம்மா பிரசாதத்தோடு வந்தார். வீக்கம் வடிந்த முகத்தை அப்படியும் இப்படியும் பார்த்தார். "மூஞ்சி எளசாத்தான் இருக்கு. தலைதான் என் வயசு." சாயம் பூச ஒரு மாதமாவது போக வேண்டும் என்றேன். "அதையும் அறுத்துத் தைக்கச் சொல்றதுதானே!" சிரிக்கக் கூடாது என்று தாளில் இல்லை, ஆனால் தையல் இழுத்தது.

மருத்துவரிடம் அடுத்த முறை கேட்க வேண்டியவை: 5 கிலோ அரிசிப்பையைத் தூக்கலாமா? கார் ஓட்டலாமா? கோலம்?