ஜிம்மிக்கு எத்தனை சதவிகிதம் புரோட்டீன் வேணும்?

மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. அங்கே ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவரும் அவருடைய ஜிம்மியும் இருக்கிறார்கள். ஜிம்மிக்கு வயது நான்கு, எடை ஆறு கிலோ. அக்கம்பக்கத்தினருக்கு அது 'பொமரேனியன்'. உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கப்படும் வெள்ளை நாய்களில் பல, ஸ்பிட்ஸ்தான். அசல் பொமரேனியனின் எடை மூன்று, மூன்றரை கிலோதான் இருக்கும். உணவின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் இந்தப் பெயர்க் குழப்பம் சாப்பாட்டுத் தட்டு வரை வரும்.

ஜிம்மி ஓரிடத்தில் உட்காராது. காலிங் பெல்லுக்கு ஓட்டம், குக்கர் விசிலுக்கு ஓட்டம், எதிர்வீட்டுப் பூனைக்குத் தனி ஓட்டம். காலையும் மாலையும் மொட்டைமாடியில் பந்து விளையாட்டு. சாப்பாடு மட்டும் நான்கு வருடமாக ஒன்றேதான்: மூன்று வேளையும் தயிர்சாதம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சிக்கன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்தபோது ஜிம்மியைத் தூக்கி மடியில் வைத்துத் தடவினாள். "என்னம்மா, முடிக்குள்ள வெறும் எலும்பா இருக்கான்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. "மூணு வேளையும் தட்டை நக்கிட்டுத்தான்டி போறான். எங்க குறை வச்சேன்?"

மகள் ஊருக்குப் போன மூன்றாம் நாள் பார்சல் வந்தது. மூன்று கிலோ உலர் உணவு. பையின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'ஹை புரோட்டீன் 34%'. விலை மூவாயிரத்தை நெருங்கியது. "இது என் ஒரு மாச மளிகைடி" என்று போனில் சொன்னாலும், அன்று இரவே கிண்ணம் நிறையப் போட்டுவிட்டார். ஜிம்மியும் மிச்சம் வைக்கவில்லை. அடுத்த இரண்டு நாள் லூஸ் மோஷன்.

கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது புரோட்டீன் பற்றி அல்ல. "பூச்சி மருந்து கடைசியா எப்போ கொடுத்தீங்க டீச்சர்?" நாய் மெலிந்தால் உடனே சாப்பாட்டை மாற்றுவதுதான் பலரின் வழக்கம். குடற்புழு இருக்கிறதா என்று மலத்தையும், சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தையும் பார்த்த பிறகுதான் பையைப் பற்றிப் பேச வேண்டும். ஆரோக்கியமான நாய்க்குப் புரதம் கூடினால் சிறுநீரகம் கெட்டுவிடாது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ள நாய்க்கு மட்டும் கணக்கே வேறு. ஜிம்மிக்கு எல்லா ரிசல்ட்டும் நார்மல்.

அப்படியானால் தயிர்சாதத்தில் என்ன குறை? டீச்சரே நோட்டில் எழுதிப் பார்த்தார். தினமும் சுமார் 400 கிராம் தயிர்சாதம். அதில் ஏறக்குறைய 400 கலோரி, புரதமோ 11, 12 கிராம்தான். அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, வளர்ந்த நாயின் உணவில் ஈரப்பதம் நீக்கிய கணக்கில் குறைந்தது 18 சதவிகிதம் புரதம் வேண்டும் என்கிறது. குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 22.5. இதை ஜிம்மியின் எடைக்குப் பொருத்தினால் நாளுக்குச் சுமார் 20 கிராம் வருகிறது. வயிறு நிறைந்தது, தசைக்குத் தேவையானது பாதிதான் போனது. கால்சியம் போன்ற தாதுக்களிலும் வெறும் தயிர்சாதம் போதாது. பாசத்தில் குறையில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை கலோரி? இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் சூத்திரம் டீச்சருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எடையை மூன்று முறை பெருக்க வேண்டும்: 6×6×6 = 216. அதன் வர்க்கமூலம் 14.7. அதற்கும் ஒரு வர்க்கமூலம், 3.83. அதை 70-ஆல் பெருக்கினால் 268. சும்மா படுத்திருக்கவே இவ்வளவு வேண்டும். கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்கலாம். ஜிம்மிக்கு 430 கலோரி.

இப்போது பைக்கு வரலாம். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பார்க்க வேண்டும். மகள் அனுப்பியதில் புரதம் 34, கொழுப்பு 20. மருத்துவமனைக்குப் பக்கத்துக் கடையில் பார்த்த இன்னொன்றில் புரதம் 26, கொழுப்பு 14, விலை ஏறக்குறையப் பாதி. பல பைகளில் கலோரி அச்சிட்டிருப்பதில்லை. நாமே போட்டுவிடலாம். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கான கலோரி. மாவுச்சத்தின் அளவு எழுதியிருக்காது. 100-லிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் எல்லாவற்றையும் கழித்தால் கிடைப்பதுதான் அது. சாம்பல் குறிப்பிடாவிட்டால் எட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

விலை கூடியதில் 100 கிராமுக்குச் சுமார் 380 கலோரி வந்தது, மற்றதில் 350. அதாவது ஜிம்மிக்கு முதல் பையிலிருந்து 113 கிராம், இரண்டாவதிலிருந்து 123 கிராம். புரதம் முதலாவதில் 38 கிராம், இரண்டாவதில் 32 கிராம். தேவையோ 20.

"ரெண்டுமே தாண்டிடுச்சே டாக்டர்!"

தாண்டத்தான் வேண்டும். 20 என்பது குறைந்தபட்சம். ஓடியாடும் நாய்க்கு அதற்கு மேல் கொஞ்சம் இருப்பது நல்லது. ஆனால், தேவைக்கு மேல் போகும் புரதம் தானாகத் தசையாகிவிடாது. ஒரு பகுதி எரிபொருளாக எரியும், மிஞ்சினால் கொழுப்பாகத் தங்கும், அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் யூரியாவாகப் போகும். அந்த 6 கிராம் வித்தியாசத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. அலாஸ்காவின் பனியில் நாள் முழுக்க வண்டி இழுத்து ஓடும் நாய்களுக்கே முக்கிய எரிபொருள் கொழுப்புதான். மொட்டைமாடிப் பந்து விளையாட்டுக்கு அவ்வளவு கொழுப்பும் வேண்டாம். சிறிய இன நாய்கள் சிலவற்றுக்குக் கொழுப்பு அதிகமானால் கணையத்தில் அழற்சி வரும் அபாயமும் உண்டு.

சதவிகிதத்தை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பையில் 'க்ரூட் புரோட்டீன்' என்றிருக்கும். புரதத்தையே நேரடியாக அளந்த எண் அல்ல அது. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கியது. 2007-ல் அமெரிக்காவில் ஏராளமான செல்லப்பிராணி உணவுகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் நிறைந்த மெலமைன் கலக்கப்பட்டிருந்தது. பரிசோதனையில் எண் உயர்ந்தது, சாப்பிட்ட நாய்கள், பூனைகளின் சிறுநீரகம் செயலிழந்தது. எல்லாப் பைகளையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. புரதம் எதிலிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்துவிட வேண்டும். மூலப்பொருள்கள் எடை வரிசையில் எழுதப்பட்டிருக்கும். முதல் பெயர்களில் கோழி, மீன், முட்டை என்று இருந்தால் நல்லது. 'ஃப்ரெஷ் சிக்கன்' முதலிடத்தில் இருந்தால் உடனே மகிழ வேண்டாம், பச்சைக் கறியில் முக்கால் பங்கை நெருங்கி தண்ணீர்தான். 'சிக்கன் மீல்' என்பது தண்ணீர் போக வற்றிய பொடி. கேட்க அழகாக இல்லை, புரதம் மட்டும் செறிவாக இருக்கும்.

டீச்சர் 26-ஐத் தேர்ந்தெடுத்தார். மகளின் பையும் வீணாகவில்லை. வயிறு சரியான பிறகு, கால் பங்கு உலர் உணவு, முக்கால் பங்கு பழைய சாப்பாடு என்று ஆரம்பித்து, பத்து நாளில் முழுதாக மாற்றினார்கள். பிறகு அந்தப் பை தீரத் தீர 26-ஐக் கலந்துகொண்டார்கள். முதல் நாளே இப்படிச் செய்திருந்தால் லூஸ் மோஷனுக்கு வேலை இருந்திருக்காது.

கடைக்காரர் லூஸில் கிலோ கணக்கில் இன்னும் மலிவாகத் தருவதாகச் சொன்னார். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். சென்னைப் புழுக்கத்தில் திறந்து கிடக்கும் உணவில் கொழுப்பு சிக்குவாடை அடித்துவிடும், காலாவதித் தேதியும் தெரியாது. பெரிய பை வாங்கி மாதக்கணக்கில் வைப்பதும் அப்படித்தான். பையோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

இப்போது சமையலறைத் தராசில் காலை 60 கிராம், மாலை 50 கிராம். ஞாயிறுதோறும் விலாவில் விரல் வைத்துப் பார்க்கிறார். லேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், குத்தக் கூடாது. அதைப் பொறுத்து ஐந்து, பத்து கிராம் கூட்டுவார், குறைப்பார். 123-க்கு 110 தானே வருகிறது என்று மகள் வீடியோ காலில் மடக்கினாள்.

"மீதி தயிர்சாதம்டி. பத்து சதவிகிதம் வரைக்கும் கொடுக்கலாம்னு டாக்டரே சொல்லியிருக்கார்" என்றார் டீச்சர். இரவில் அவர் தட்டில் சாதம் பிசையும்போது ஜிம்மிக்கு இரண்டு ஸ்பூன். தாளிக்காதது, வெங்காயம் போடாதது.