பழைய மோட்டார் சைக்கிள்

சென்ற விடுமுறையில், கல்லூரிக்கு வந்துபோகப் பழைய மோட்டார் சைக்கிளொன்று வாங்க விழைந்தேன். அன்னையார் சீட்டுக் கட்டிச் சேர்த்த 30,000 ரூபாய் என் கையிலிருந்தது. விற்பவர் இன்சொல்லினர், விலையும் மிகக் குறைவு. "தம்பி, இன்றே முன்பணம் தந்தால்தான் வண்டி, மாலையில் வேறொருவர் வருகிறார்" என்றார். ஒருவரை ஐயுறுதல் கிறிஸ்தவப் பண்பன்றென்று கருதி, ஒன்றும் வினவாது பணத்தை எடுத்தேன்.

உடன்வந்த முதிய மெக்கானிக் என்னைத் தடுத்து, கைப்பிடித் தண்டினருகே சட்டத்திற் படிந்திருந்த அழுக்கைத் துடைத்து, ஆங்குப் பொறித்த சேஸிஸ் எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்புநோக்கினார். எஞ்சின் எண்ணையும் அவ்வாறே நோக்கினார். இரண்டும் பொருந்தின. ஆயினும், கடன் கொடுத்த வங்கியின் பெயர் சான்றினின்று நீங்கவில்லை. "கடன் தீர்ந்ததெனில், வங்கியின் தடையின்மைச் சான்றும் 35ஆம் படிவமும் எங்கே?" என்றார். விற்பவர் வாய் திறந்திலர். கடன் தீராத வண்டியை வாங்கியவனிடமிருந்தும் வங்கி மீட்டுக்கொள்ளக் கூடுமென்று அன்றறிந்தேன்.

பின்னர் வேறொரு வண்டி வாங்கினேன். அதன் உரிமையாளர் நான் கேட்குமுன்னரே சான்றுகளைக் காட்டி, 29, 30ஆம் படிவங்களிற் கையெழுத்திட்டார். 30 நாளுக்குள் பெயர்மாற்றத்திற்கு விண்ணப்பித்தேன்.

நண்பர்களே, வினவுதல் அவமதிப்பன்று. நேர்மையுடையார் அதற்கு வருந்தார். அன்னையாரின் பணத்தை இழக்க இருந்தது என் அன்பினாலன்று, கூச்சத்தினாலேயாம்.