ஜபரும் ஜேரும் இல்லாத பக்கங்கள்

பல்வலிதான் என்னை அரபு இலக்கியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது.

2006 ஆகஸ்ட் மாதக் கடைசி நாள். ஷார்ஜா இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு டயர் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ரோலாவில் ஒரு மாடியில் சிரியாக்காரர் ஒருவரின் பல் கிளினிக். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே அரைமணி நேரம் உட்காரச் சொன்னார். மேசைமேல் முதுகு கிழிந்த அரபுப் புத்தகம் ஒன்று கிடந்தது. வேறு வேலை இல்லாததால் அட்டையிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட வந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அரபி தெரியுமா?" என்றார். வாயில் பஞ்சு. தெரியும் என்றும் தெரியாது என்றும் பொருள்படும்படி தலையை ஆட்டினேன். உண்மையும் அதுதான்.

முந்தின நாள்தான் நஜீப் மஹ்ஃபூஸ் கெய்ரோவில் இறந்திருந்தார். 1988இல் நோபல் வாங்கியவர், அரபு மொழிக்கு அந்தப் பரிசு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாளை வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு சிலர் இங்கே உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசப்போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார் டாக்டர். "வாய் ஆறியிருந்தால் பேசலாம். இல்லாவிட்டால் கேட்கலாம்."

போனேன். எனக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. பேச்சிலர் ரூமில் எட்டுப் பேரின் துணி துவைக்கும் வரிசையில் நிற்பதைவிட அது தேவலை என்று பட்டது.

வெள்ளிக்கிழமைகளில் கிளினிக்குக்கு விடுமுறை. காத்திருப்போர் நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். நடுமேசையில் பிளாஸ்டர் பல்செட் ஒன்று வாயைப் பிளந்தபடி இருக்கும், அதன் பக்கத்தில் கரக் சாய் பிளாஸ்க். எகிப்துக்கார ஆர்க்கிடெக்ட் அம்மா, மொழிபெயர்ப்பு வேலை பார்த்த சூடான்காரர், ஒரு மலையாளி நர்ஸ், எல்லாருக்கும் மூத்தவராக ஓர் இராக்கியர். அவரை எல்லாரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிட்டோம். ஒரு மாதம் அரபுப் புத்தகம், மறுமாதம் வேறு தேசத்துப் புத்தகம். அரபிகள் மூலத்தில் படிப்பார்கள், நாங்கள் ஆங்கிலத்தில். தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. புத்தகத்தைப் படிக்காமல் வருகிறவர் அடுத்த வாரம் பேரீச்சம்பழம் வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான் சட்டம். முதல் ஆறு மாதம் பழம் பெரும்பாலும் என் கணக்கில்தான் வந்தது.

என் அரபி எந்த ரகம் என்பது முதல் நாளே வெளிப்பட்டுவிட்டது. காயல்பட்டினத்தில் ஐந்து வயதில் ஓதுபள்ளியில் உட்கார்ந்து, அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ, அலிஃப் பேஷ் உ என்று கத்திப் படித்தவன் நான். குர்ஆனை எங்கே திறந்து கொடுத்தாலும் தடுமாறாமல் ஓதுவேன். உஸ்தாத் மஹ்ஃபூஸின் நாவலை விரித்து நீட்டினார். ஒரு வரி நகரவில்லை. குர்ஆனில் ஒவ்வோர் எழுத்துக்கும் மேலும் கீழும் உயிர்க்குறி இருக்கும். நாவலில் ஒன்றும் கிடையாது. வெறும் மெய்யெழுத்துகள். சொல் தெரிந்தவன் உயிரைத் தானே போட்டுப் படித்துக்கொள்வான். எனக்கு ஒலி மட்டும்தானே தெரியும். நாற்பது வருடமாக எனக்கு அரபி வாசிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அந்தப் பல்செட்டுக்கு எதிரே வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

உஸ்தாத் சிரிக்கவில்லை. அதனால்தான் அடுத்த வெள்ளியும் போனேன்.

மஹ்ஃபூஸின் கெய்ரோ நாவல்கள் மூன்றில் முதலாவதை நாலைந்து வாரம் பேசினோம். அதில் ஆமினா என்றொரு பெண். மரச்சட்டம் பின்னிய ஜன்னலுக்குள்ளிருந்து தெருவைப் பார்த்தே வயதாகிறவள். புருஷன் ஊரில் இல்லாத நாளில் ஹுசைன் பள்ளிவாசலைப் பார்க்கப் புறப்படுகிறாள், திரும்பும் வழியில் வண்டி இடித்துவிடுகிறது, விஷயம் தெரிந்த புருஷன் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். எகிப்து அம்மாவுக்கு அந்த மனுஷர்மேல் தாளாத கோபம். நான் எங்கள் ஊர் முடுக்குகளைப் பற்றிச் சொன்னேன். வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடமாட ஒடுக்கமான சந்துகள் உண்டு. என் உம்மா ஊர் முழுக்க அவற்றின் வழியாகவே போய்வருவார், பெருந்தெருவை அவர் மிதித்து நான் பார்த்தது குறைவு. "அப்படியென்றால் உங்கள் ஆமினாக்களுக்கு ஜன்னல் இல்லை, தெருவே உண்டு" என்றார் அந்த அம்மா. பாராட்டா குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை.

2007 மார்ச் 5, திங்கட்கிழமை, பாக்தாதில் முதனப்பி தெருவில் கார்குண்டு வெடித்தது. பழைய கவிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய புத்தகக் கடைத்தெரு அது, வெள்ளிதோறும் தரையில் புத்தகம் விரித்து விற்பார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். கெய்ரோ எழுதும், பெய்ரூட் அச்சடிக்கும், பாக்தாத் வாசிக்கும் என்று அரபிகளிடையே ஒரு வழக்குண்டு, உஸ்தாத் அதை அடிக்கடி சொல்லிப் பெருமைப்படுவார். அந்த வெள்ளி அவர் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். கையில் புத்தகம் இல்லை. அந்தத் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடது பக்கத்துக் கடைகள், அப்புறம் வலது பக்கத்துக் கடைகள், ஷாபந்தர் காபிக்கடை, அங்கே தான் உட்காரும் பெஞ்சு என்று வரிசையாகச் சொன்னார். நடுவில் ஒரு கடையின் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. கண்ணை மூடி மறுபடி முதல் கடையிலிருந்து தொடங்கினார். சாயை யாரும் ஊற்றவில்லை. மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தோம்.

அவ்வருடம் ஜூலையில் கஸ்ஸான் கனஃபானியின் 'வெயிலில் மனிதர்கள்' எடுத்தோம். 1963இல் வந்த சின்ன நாவல். அது வந்தபோது கனஃபானிக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான். முப்பத்தாறில் பெய்ரூட்டில் காரில் வைத்த குண்டுக்குப் பலியானார். மூன்று பாலஸ்தீனர்கள் பஸ்ராவிலிருந்து குவைத்துக்கு, தண்ணீர் லாரியின் காலித் தொட்டிக்குள் ஒளிந்து போகிறார்கள். எல்லைச் சாவடியில் ஏசி அறைக்குள் இருக்கும் குமாஸ்தாக்கள், டிரைவரை ஒரு நடனக்காரியோடு சேர்த்துக் கிண்டலடித்துக் கையெழுத்தைத் தாமதிக்கிறார்கள். அவன் ஓடிவந்து மூடியைத் திறக்கும்போது மூவருமே உயிரோடு இல்லை. ஏன் அவர்கள் தொட்டியைத் தட்டவில்லை என்று பாதி உலகம் விவாதித்துவிட்டது. எங்கள் வட்டத்திலும் சூடான்காரர் அதைத்தான் அரசியலாகப் பேசினார். மலையாளி நர்ஸ் மட்டும், "அவர்கள் தட்டியிருக்கலாம், ஏசி ஓடும் அறையில் வெளிச்சத்தம் கேட்காது" என்றார். விசா கவுண்டர்களில் நின்றவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். வெளியே அன்று நாற்பத்தைந்து டிகிரி இருக்கும்.

அடுத்த வருடம் லீவில் ஊருக்குப் போனபோது உம்மாவின் பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்தது. கொழும்பில் சபராளியாக இருந்த மாப்பிள்ளைக்கு என் பாட்டி, வாப்பிச்சா, எழுதியது. தமிழ்தான், ஆனால் எழுத்து அரபி. அரபுத்தமிழ் என்போம். வாப்பிச்சாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துவந்து உஸ்தாதிடம் காட்டினேன்.

கண்ணாடியை மாற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தார். தொடக்கத்தில் ஸலாம், அதைப் புரிந்து புன்னகையோடு படித்தார். இரண்டாவது வரியில் முகம் மாறியது. அவருக்குத் தெரிந்த எழுத்துகள், ஆனால் தெரியாத மொழி. நிறுத்தாமல் போனார். "கினத்து தன்னி உஃப்பாயித்துது." கிணத்துத் தண்ணி உப்பாயிட்டுது. பகரத்துக்கும் ணகரத்துக்கும் எங்கள் முன்னோர் கூடுதலாகக் குத்திய புள்ளிகளை அவர் கண்டுகொள்ளவில்லை. ழகரம் வந்த இடத்தில் மட்டும் நின்று, விரலால் தடவிப் பார்த்து, தாண்டிப் போனார். ஓடு ஒழுகுவதும், ராத்தாவுக்குக் காது குத்த வேண்டியதும், வாசனைச் சோப்பு அனுப்பச் சொன்னதும், அந்தப் பாக்தாத் தொண்டையில் வந்தன. எனக்கு எல்லாமே புரிந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஓதுபள்ளி லெப்பை எதிரே நான் உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

படித்து முடித்துவிட்டு அவர் சொன்னது வேறு. "ஒவ்வோர் எழுத்துக்கும் உயிர்க்குறி போட்டிருக்கிறார். எங்கள் நாவலாசிரியர்களைவிட உன் பாட்டிக்கு வாசிப்பவன்மேல் இரக்கம் அதிகம்." அன்றே தன் கனஃபானி பிரதியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்காகப் பென்சிலில் குறி போட்டுத் தருவதாகச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம். அடுத்த வெள்ளி அதை நான் சத்தமாகப் படிப்பேன், அவர் பொருள் சொல்வார்.

வளைகுடாவில் எந்த வட்டமும் விசா உள்ளவரைதான். 2008 கடைசியில் கட்டட வேலைகள் படுத்தன, எகிப்து அம்மா போனார். நர்ஸுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. உஸ்தாதை மகள் ஸ்வீடனுக்கு அழைத்துக்கொண்டாள். அவர் கிளம்பிய வாரம் எனக்கு இயர் எண்டிங், லெட்ஜரை விட்டு எழ முடியவில்லை. புத்தகத்தை டாக்டரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கிளினிக் இருந்த இடத்தில் பிற்பாடு மொபைல் கவர் விற்றார்கள்.

ஊர் திரும்பிய பிறகும் வாசிப்பு விட்டுப்போகவில்லை. ஓமானின் ஜோகா அல்ஹார்த்தி 2019இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு வாங்கியபோது, அந்த நாவலைத் தனியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் படித்தேன். பேரீச்சம்பழம் வாங்கிவரச் சொல்ல ஆளில்லை.

கனஃபானி இப்போது வாப்பிச்சாவின் கடிதத்தோடு ஒரே பெட்டியில் இருக்கிறார். எப்போதாவது எடுத்துக் குறி இருக்கும் வரைக்கும் சத்தமாகப் படிப்பேன். பென்சில் கோடுகள் மங்கிவருகின்றன. நாவலின் நடுவில், பஸ்ராவில் டிரைவரோடு மூன்று பேரும் கூலி பேசும் இடத்தில், ஒரு சொல்லுக்கு அடியில் ஜேர் போட்டிருக்கிறார். அதற்கடுத்த சொல் வெறுமையாக இருக்கிறது. லாரி இன்னும் கிளம்பவில்லை. மூவரில் ஒருவனான மர்வானிடம் பணம் போதாது, பேரம் நடந்துகொண்டிருக்கிறது.