சிவப்புத் தடியும் குறுக்கே போட்ட குழையும்

மாங்குளத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, ஒட்டுசுட்டான் வீதியில் ஓட்டோ பிடித்து, கிரவல் பாதையில் திரும்பினால் காட்டோரத்தில் ஒரு தறப்பாள் கொட்டகை. நான் போனபோது இரண்டு பெண்கள் தடிகளுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். காய வைத்த தடியொன்றைத் தூக்கப் போனேன்.

"தொடாதேங்கோ அண்ணை, இன்னும் காயேல்லை" என்றார் மூத்தவர்.

மிதிவெடி அகற்றும் அணியொன்றின் தளம் அது. வெடி எடுப்பதைப் பார்க்கவென்றுதான் போயிருந்தேன். அரை நாளும் இந்தத் தடிகளோடேயே போய்விட்டது. நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு நிறம். ஏன் அவ்வளவு என்று கேட்டேன். "பத்தைக்குள்ள நிண்டாலும் கண்ணில குத்த வேணுமெல்லோ" என்றார். நிறங்களின் பாடத்தையும் அவரே சொன்னார்: சிவப்புக்கு அங்காலை இன்னும் பார்க்கவில்லை. வெள்ளைக்கு உள்ளே நடக்கலாம். மஞ்சள் நட்டிருந்தால் அந்த இடத்தில் ஒன்று எடுத்தாயிற்று.

பார்வையாளருக்கென்று கயிறு கட்டிய இடத்திலிருந்து பார்த்தேன். மஞ்சள் தடிகள் சிதறி நிற்கவில்லை. ஏறக்குறைய சம இடைவெளியில் வரிசையாக, மெல்ல வளைந்து போயின. யாரோ அளந்து புதைத்த பாதுகாப்பு வேலி அது. வரைபடம் கைக்குக் கிடைக்காத போர்முனையொன்றை, இந்தப் பெண்கள் தடி தடியாக நட்டுத் திருப்பி வரைந்திருக்கிறார்கள். இவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் என்று தெரியும். அதை நான் கேட்கவில்லை.

கொட்டகையின் மற்றப் பக்கத்தில் மண்டையோட்டுப் பலகைகள். சிவப்புத் தகரம், வெள்ளை மண்டையோடு, மூன்று மொழியில் எழுத்து. ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஓட்டைகள் போட்டிருந்தார்கள்.

"ஓட்டை போடாட்டிக் கோழிக்கூட்டுக்குக் கூரையாப் போயிடும்."

சிரிப்பு வந்தது. ஆனால் எச்சரிக்கைக் குறிகளை வேறொன்றுக்கும் உதவாத பொருளிலேயே செய்ய வேண்டும் என்று மிதிவெடிப் பணிக்கான சர்வதேச நியமங்களும் சொல்கின்றன. ஆப்கானிஸ்தானில் கற்களுக்கே நிறம் பூசுகிறார்கள். ஆபத்துப் பக்கம் சிவப்பு, பார்த்து முடித்த பக்கம் வெள்ளை. கல்லை யார் களவெடுப்பார்?

பொதுக் குறிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 1964 தோக்கியோ ஒலிம்பிக் நினைவுக்கு வரும். மசாரு கட்சுமியின் வழிகாட்டலில் இளம் வடிவமைப்பாளர்கள் கூடி, மொழி தெரியாத விருந்தினருக்காகக் கழிப்பறை, தொலைபேசி, உணவகம் என்று படக்குறிகள் வரைந்தார்கள். வேலை முடிந்ததும் அவர் ஒரு தாளை நீட்டிப் பதிப்புரிமையைத் துறப்பதாகக் கையெழுத்து வாங்கினார். அவை சமூகத்தின் சொத்து என்பது அவர் எண்ணம். 2011இல் அமெரிக்க நகரங்களில் தொண்டர்கள் இப்படியே கூடியிருந்து, நகர வாழ்க்கைக்கான குறிகளை வரைந்து எவரும் எடுத்தாளும்படி விட்டார்கள். அழகான காரியங்கள்தான். ஆனால் உரிமையைத் துறந்ததால் மட்டும் ஒரு குறி எல்லோருக்கும் விளங்கிவிடாது. அணுக்கதிர் ஆபத்துக்கான மூவிதழ்க் குறி பலருக்கு விளங்கவில்லை என்று கண்டு, 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிப் பார்த்த பிறகே 2007இல் புதிய குறியொன்றைச் சேர்த்தார்கள். அதில் கதிரலைகளுக்குக் கீழே ஒரு மண்டையோடும் ஓடுகிற மனிதனும் உண்டு.

மண்டையோடாவது எல்லோருக்கும் விளங்குமா? தடிகளின் பாடம் சொன்ன மூத்தவர், ஒரு மிதிவெடி விழிப்புணர்வுக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார். பலகையைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். வயற்கார ஐயா ஒருவர் எழும்பி, "பூச்சிமருந்துப் போத்தில்ல கிடக்கிற படம். நஞ்சு. ஆனா காணிக்கு ஏன் பிள்ளை போட்டு வைச்சிருக்கிறியள்?" என்றாராம். அவரில் பிழையே இல்லை.

2009இல் போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து, இடம்பெயர்ந்த சனம் ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கியபோது, எல்லா இடத்துக்கும் பலகை போய்ச் சேர்ந்திருக்கவில்லை. விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள் தாங்களே குறி வைத்தார்கள். இரண்டு தடியைப் பெருக்கல் குறி போலப் போடுவது, மரத்தில் சீலைத்துண்டு கட்டுவது, பாதைக்குக் குறுக்கே குழை முறித்துப் போடுவது. எவரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை.

குழையில் மட்டும் ஒரு சிக்கல். காட்டுவழி போகிறவர்கள் ஐயனாருக்குக் குழை முறித்து வைப்பது வன்னியின் பழைய வழக்கம். எது நேர்த்தி, எது எச்சரிக்கை?

"கொப்பில தொங்கினா ஐயனாருக்கு. நிலத்தில குறுக்கால கிடந்தா எங்களுக்கு" என்றார் இளையவர், தூரிகையை எடுக்காமலே. கணிப்பீட்டுக்குப் போகிறவர்கள் ஊராரிடம் முதலில் விசாரிப்பது இவற்றைத்தான் என்றும், தங்களின் சிவப்புத் தடி சில இடங்களில் விறகுக்காரரின் குழை கிடந்த அதே இடத்தில்தான் போய் நின்றது என்றும் சொன்னார். என்னைக் கேட்டால், வன்னியின் முதல் குறி வடிவமைப்பாளர்கள் அந்த விறகுக்காரர்கள்தான். அவர்கள் பதிப்புரிமையைத் துறக்கவில்லை; அப்படியொன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்தத் தடிகள் எவ்வளவு காலம் நிற்கும்? இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தை முழுதாகத் துப்புரவாக்க அதன்படி கிடைத்த தவணை 2028 ஜூன் 1.

அதுவரை, பாலைப்பழத்துக்கும் வீரைப்பழத்துக்கும் காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சிவப்புத் தடியோ மண்டையோடோ பாதைக்குக் குறுக்கே காய்ந்த குழையோ கண்டால் அதைத் தாண்டாதேயுங்கள். வந்த பாதையாலேயே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். கோழிக்கூட்டுக்குத் தகரம் தேவையென்றால் மாங்குளம் சந்திக் கடையில் வாங்கலாம்.