அத்தாவின் கண்ணில் தெரிந்தது

சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் ஓர் இரவு அத்தா குர்ஆனை எங்கள் பக்கம் நீட்டி, "இந்தப் பக்கத்துல மை கொட்டியிருக்குப்பா, பாருங்க" என்றார். வாங்கிப் பார்த்தோம். பக்கம் சுத்தமாக இருந்தது. அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அத்தாவுக்குச் சர்க்கரை வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதியவர். வண்டிகள் கிளம்பும் இரவுகளில் கணக்குப் புத்தகமும் தேநீர்க் குவளையும் அவருக்கு முன்னால் காலியாவதே இல்லை. மாத்திரைகளைத் தவறவிட்டதில்லை. காலில் புண் வந்ததில்லை. ஆகவே நோய் கட்டுக்குள் இருக்கிறது என்றே அம்மாவும் பிள்ளைகள் மூவரும் நம்பியிருந்தோம். சீனியை நிறுத்தி, பிலிக்கல்பாளையத்து வெல்லத்துக்கு மாறியதைப் பெரிய வைத்தியமாக எண்ணினோம். கரும்பு ஆலைக்குள் போனாலும், காய்ச்சும் கொப்பரைக்குள் போனாலும், கடைசியில் அது ரத்தத்தில் சேர்வது சர்க்கரையாகத்தான். இஃப்தாருக்கு ஜவ்வரிசிப் பாயசம் வேறு. எங்கள் சமவெளி முழுவதும் குச்சிக்கிழங்கு. சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் சங்கம் வழியாக நாடெங்கும் போகும் ஜவ்வரிசி எங்கள் வீட்டு அலமாரியிலும் குறையாது. அது ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கண் மருத்துவரிடம் போகலாம் என்றாள் தங்கை. அத்தா மறுத்தார். "கண்மணியை விரியவைக்கச் சொட்டு மருந்து ஊத்துவாங்கம்மா. நோன்போட எப்படி? பெருநாள் கழியட்டும்." நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம். இருநூறு அடி தூரத்தில் பள்ளிவாசல் இருந்தது. இமாமிடம் ஒரு வார்த்தை கேட்க எவருக்கும் தோன்றவில்லை. பின்னர் கேட்டபோது அவர் வருத்தத்துடன் சொன்னார்: ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து இடுவதால் நோன்பு முறிவதில்லை.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் காலை, வலக்கண்ணில் கறுப்புத் திரை விழுந்ததுபோல் இருக்கிறது என்றார் அத்தா. அன்றே சேலத்துக்கு அழைத்துச் சென்றோம்.

சோதித்துப் பார்த்த மருத்துவர் படத்தைத் திரையில் காட்டி விளக்கினார். விழித்திரையின் நுண்குழாய்கள் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை மிகுந்த ரத்தம் அவற்றுள் ஓடும்போது, குழாய்ச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் மடிகின்றன. சுவர் ஆங்காங்கே புடைத்துக் கசிகிறது. சில குழாய்கள் அடைபட்டே போகின்றன. ரத்தம் கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை முளைக்க வைக்கிறது. அவை வலுவற்றவை. அவற்றில் ஒன்று வெடித்ததால்தான் அந்தக் கறுப்புத் திரை. "மை கொட்டியதாகச் சொன்னாரே, அப்போதே கசிவு தொடங்கியிருக்கும்" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி ஓர் உவமையும் சொன்னார். சொட்டுநீர்ப் பாசனத்தில் உப்புத் தண்ணீர் ஓடினால் பெரிய குழாய் நன்றாகவே இருக்கும். அடைபடுவது கடைசியில் உள்ள சின்னத் துளைகள்தாம்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்களைத் திகைக்க வைத்தது. "இவருக்கு மறதி உண்டா? நடை எப்படி இருக்கிறது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓராண்டாக அத்தா தொழுகையில் ரக்அத்தைத் தவறவிட்டு வந்தார். அஸரில் மூன்றோடு ஸலாம் கொடுத்துவிட்டு, "எத்தனை ஆச்சுப்பா?" என்று திரும்பிக் கேட்பார். நாற்பது ஆண்டு கணக்கு எழுதியவர், மளிகைக் கடைச் சில்லறையை இரண்டு முறை எண்ணுவார். கால்கள் தரையில் ஒட்டிக்கொள்வதுபோல் சிறு அடிகளாக நடப்பார். முன்னைப்போல் சிரிப்பதுமில்லை. நாங்கள் அவரைக் கடிந்துகொண்டோம். அண்ணன் ஒருநாள், "தொழுகையில கூடக் கவனம் இல்லையா அத்தா?" என்று கேட்டுவிட்டான். அத்தா தலை குனிந்துகொண்டார். இன்றும் அதை நினைக்கையில் நெஞ்சு சுடுகிறது.

விழித்திரை தனியான உறுப்பல்ல என்றார் மருத்துவர். கருவில் மூளையிலிருந்து கிளைத்து வளர்வது அது. இரண்டின் நுண்குழாய்களும் ஒரே விதமான கட்டமைப்பு உடையவை. மூளைக்குள் இருப்பவற்றைக் கண்ணால் பார்க்க வழியில்லை. கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியை 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் உலகுக்கு அறிவித்த நாள் முதல், கத்தி வைக்காமல் ரத்தக் குழாய்களை நேராகப் பார்க்க மனிதனுக்குக் கிடைத்த சன்னல் கண். கண்ணில் பாதிப்பு இருந்தால் மூளையிலும் இருந்தே தீரும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கண்ணில் பாதிப்பு உள்ளவர்களுக்கு மூளையிலும் அது இருக்கும் வாய்ப்பு அதிகம், கேட்டுப் பார்ப்பது தன் கடமை என்றார்.

நரம்பியல் மருத்துவர் எடுக்கச் சொன்ன எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையின் ஆழத்தில் உளுந்து அளவில் சில பழைய வடுக்கள் இருந்தன. கை கால் விழாமலேயே வந்துபோன சிறுசிறு பக்கவாதங்கள் அவை என்றார். நினைவு அழிந்துவிடவில்லை, யோசிக்கும் வேகம் குறைந்திருக்கிறது, எண்ணிக்கையைப் பிடித்து வைக்கும் திறன் தளர்ந்திருக்கிறது. நாங்கள் கவனக்குறைவு என்று பெயர் வைத்தது இதைத்தான்.

அதைவிட எங்களை உறுத்தியது ரத்த அழுத்தம். 150, 160 என்று இருந்ததை 'வயசுக்கு இது சகஜம்' என்று தள்ளி வைத்திருந்தோம். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1998இல் வெளியான பெரிய ஆய்வில், ரத்த அழுத்தத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதமும், பக்கவாதம் 44 சதவீதமும் குறைந்தன என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பாதி வேலைதான்.

நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. சென்னையில் நடந்த ஒரு கண் ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, விழித்திரைப் பாதிப்பு இருந்தது. தொடக்கத்தில் வலி இல்லை, பார்வைக் குறைவும் இல்லை. பார்வை குறைந்த பிறகு போவது வெள்ளம் வந்த பின் கரை கட்டுவது. நாங்கள் அப்படித்தான் போனோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் அதன் வழியே வாசலுக்கே வருகின்றன, அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை தேடி வருகிறது. விழித்திரைப் படத்துக்கு மட்டும் நாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, அரை நாள். அந்த அரை நாளை எங்கள் வீட்டில் பதினேழு ஆண்டுகளாக யாரும் ஒதுக்கவில்லை.

அத்தாவின் வலக்கண்ணுக்கு அறுவை சிகிச்சையும் இடக்கண்ணுக்கு லேசரும் ஆயின. வலக்கண்ணில் விரலை எண்ணும் அளவுக்குத்தான் பார்வை. இடக்கண்ணால் பெரிய எழுத்து முஸ்ஹஃபை ஓதுகிறார். இந்த ரமளானுக்கு முன்பு மருத்துவரையும் இமாமையும் கேட்டோம். நோன்பு வேண்டாம் என்றே இருவரும் சொன்னார்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் இபாதத்தே என்றார் இமாம். நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு என ஃபித்யா கொடுக்கிறோம். அம்மா நோன்பு வைக்கிறார். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதால், மதியத்தில் ஒருமுறை பார்க்கிறார். எழுபதுக்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. பாயசம் பெருநாளுக்கு மட்டும், அரைக் கிண்ணம்.

இந்த ஆண்டு அண்ணனுக்கும் சர்க்கரை என்று தெரிந்தது. வயது நாற்பத்தொன்று. கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று இழுத்தவனை அத்தாவே சேலத்துக்குக் கிளப்பினார். படத்தில் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. சிகிச்சை தேவையில்லை, சர்க்கரையையும் அழுத்தத்தையும் இறக்கிவிட்டு ஓராண்டில் மறுபடி வரச் சொன்னார்கள். பேருந்தில் திரும்பும்போது அண்ணன் அத்தாவின் கையை விடவே இல்லை என்றாள் தங்கை.

பள்ளிவாசலுக்குப் போக முடியாத வேளைகளில் அத்தா முன்பெல்லாம் வீட்டில் தனியாகத்தான் தொழுவார். இப்போது நாங்கள் ஜமாஅத்தாக நிற்கிறோம். அண்ணன் முன்னால் நின்று தொழ வைக்கிறான்; அத்தா நாற்காலியில் அவனுக்குப் பின்னால். எண்ணிக்கை அவன் பொறுப்பு.